நாசா வேர்ல்ட்வியூ: வாளையாற்றிலிருந்து குமுளி வரை மேகக் கணக்குப் பார்க்க ஒத்துவருமா?

மேகத்தைப் படமாகப் பார்த்தால் போதும் என்பவர்களுக்கு நாசாவின் வேர்ல்ட்வியூ இணையதளத்துக்கு நிகராக இலவசத்தில் வேறொன்று கிடைப்பது கஷ்டம். அந்த மேகம் வெயிலில் எத்தனை பங்கைத் திருப்பி அனுப்புகிறது என்று கணக்குப் போட உட்கார்ந்தால் கதையே வேறு. திறந்தவுடன் தெரியும் பளிச்சென்ற படத்தில் அந்த விடை இல்லை. வேறு அடுக்குகளுக்குள் இருக்கிறது. எடுக்கத் தெரிந்தவர்களுக்குக் கிடைக்கும். பாலக்காட்டை ஒட்டிய சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் மொட்டைமாடியில் சோலார் போட்டவர்கள், வண்டன்மேடு, உடும்பன்சோலை ஏலத்தோட்டக்காரர்கள், தேவிகுளம், பீர்மேடு பகுதித் தமிழ்ப் பள்ளிகளில் அறிவியல் எடுக்கும் ஆசிரியர்கள், இவர்களுக்காக எழுதிய மதிப்பீடு இது. புயல் எச்சரிக்கைக்குப் பார்ப்பவர்களுக்கு இந்தத் தளம் வேண்டாம். அவர்களுக்கு வானிலைத் துறையின் ரேடார் பக்கமே போதும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். கணக்குத் தொடங்க வேண்டியதில்லை, பணம் கட்ட வேண்டியதில்லை. டெர்ரா, அக்வா செயற்கைக்கோள்களின் மோடிஸ் கருவி, சுவோமி என்பிபி, நோவா-20, நோவா-21 ஆகியவற்றின் விர்ஸ் கருவி எடுத்த படங்கள் நாள்வாரியாக அடுக்கிக் கிடக்கின்றன. டெர்ரா 1999 டிசம்பரில் ஏவப்பட்டது. 2000ஆம் ஆண்டிலிருந்து எந்தத் தேதிக்கும் பின்னோக்கிப் போகலாம். கீழே இருக்கும் காலக்கோட்டை இழுத்தால் போதும். ஒப்பிடும் வசதியைப் போட்டுவிட்டால் நடுவில் ஒரு கோடு வரும். காலைப் படத்தை இடப்பக்கமும் மதியப் படத்தை வலப்பக்கமும் வைத்து அந்தக் கோட்டை நகர்த்தலாம். நெல்லியாம்பதி மலைமேல் காலையில் இருந்த மேகம் மதியத்துக்குள் எவ்வளவு வளர்ந்தது என்பதை இதைவிடச் சுலபமாகக் காட்டும் கருவி இல்லை. தூரம், பரப்பளவு அளக்கும் வசதியும் உண்டு. தேர்ந்தெடுத்த பகுதியை ஜேபெக், பிஎன்ஜி, ஜியோடிஃப் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம்.

ஊர்ப்பெயர் விஷயத்தில் ஏமாந்துபோவீர்கள். சின்ன ஊர்களைப் படத்தின் மேல் எதிர்பார்க்காதீர்கள். தேடுபெட்டியில் ஆயத்தொலைவைப் போட்டு இடத்தைப் பிடிப்பதே நல்லது: பாலக்காட்டுக்கு 10.78, 76.65, மூணாறுக்கு 10.09, 77.06, குமுளிக்கு 9.61, 77.17. முதல் எண் அட்சரேகை, இரண்டாவது தீர்க்கரேகை. மாற்றிப் போட்டால் மேகத்துக்குப் பதில் ஆர்க்டிக் பனிதான் கண்ணில் படும்.

நேரம் சம்பந்தமாகவும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தளத்தின் தேதி உலகப் பொது நேரப்படி நடக்கிறது, அதாவது நமக்கு விடிகாலை 5:30க்குத்தான் நாள் மாறும். காலை ஏழு மணிக்குத் திறந்து இன்றைய படத்தைக் கேட்டால் கறுப்பாகத்தான் இருக்கும். விர்ஸ் கருவி பூமத்திய ரேகையைக் கடப்பது உள்ளூர்ச் சூரிய நேரப்படி மதியம் 1:30 வாக்கில். இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு வைத்தது. பாலக்காடு அதற்கு மேற்கே ஆறு டிகிரி தள்ளி இருப்பதால் நம் கடிகாரத்தில் சுமார் 24 நிமிடம் சேர்த்துக்கொள்ள வேண்டும். படம் எடுத்த பிறகு தளத்துக்கு வந்துசேர மூன்று மணி நேரம் போல ஆகும். ஆக இன்றைய மதியப் படம் வேண்டுமென்றால் சாயங்காலம் ஐந்து மணிக்குமேல் திறங்கள். எந்த நிமிடத்தில் கடந்தது என்று துல்லியமாக வேண்டுமானால் ஆர்பிட்டல் டிராக் என்ற அடுக்கைச் சேர்த்தால் பாதையின் மேலேயே நேரம் எழுதியிருக்கும். அதுவும் பொது நேரம்தான், ஐந்தரை மணி கூட்டிக்கொள்ளுங்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். இயல்நிறப் படத்தில் மேகம் வெள்ளையாகத் தெரிகிறது, வெள்ளை அதிகமென்றால் எதிரொளிப்பும் அதிகம் என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். படத்தைச் சிவப்பு, பச்சை, நீல எண்களாகப் பிரித்து ஆல்பிடோ (விழும் வெயிலில் திரும்பிப் போகும் பங்கு) கண்டுபிடிக்கும் பள்ளிச் செயல்திட்டங்களும் இந்த நம்பிக்கையில்தான் நிற்கின்றன. அது தவறு, மூன்று காரணங்களால்.

கரெக்டட் ரிஃப்ளெக்டன்ஸ் என்ற அந்த அடுக்கு கண்ணுக்காகச் செய்தது. காற்று மூலக்கூறுகள் சிதறடிக்கும் நீலத்தைக் கழித்துவிட்டு, காடும் கடலும் இருட்டாகத் தெரியாமல் இருக்கக் கறுப்புப் பக்கத்தை இழுத்து வெளிச்சமாக்குகிறார்கள். அப்படி இழுக்கும்போது வெள்ளைப் பக்கம் நெருக்கிக்கொள்கிறது. நடுத்தர மேகமும் கனத்த இடிமேகமும் கிட்டத்தட்ட ஒரே வெள்ளையாக நிற்கின்றன. ஒன்று வெயிலில் பாதிக்குமேல் திருப்புகிறது, இன்னொன்று முக்கால் பங்குக்கும் மேல் திருப்புகிறது என்ற வித்தியாசம் அங்கேயே தொலைந்துபோகிறது.

அடுத்து, கோணம். செயற்கைக்கோள் ஒரு மேகத்தை ஒரு நேரத்தில் ஒரே திசையிலிருந்துதான் பார்க்கிறது. மேகமோ வெளிச்சத்தை எல்லாத் திசையிலும் ஒரே அளவில் சிதறடிப்பதில்லை. சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துப் பார்க்கும் பக்கத்திலும் சூரியனை நோக்கிச் சாய்ந்து பார்க்கும் பக்கத்திலும் ஒரே மேகம் வேறுவேறு பிரகாசம் காட்டும். மோடிஸ் துடைத்துச் செல்லும் பட்டையின் அகலம் 2,330 கிலோமீட்டர். பட்டையின் மேற்கு ஓரத்தில் விழும் மேகத்தையும் கிழக்கு ஓரத்தில் விழும் மேகத்தையும் நிறத்தை வைத்து ஒப்பிடவே கூடாது. ஒரு திசையில் அளந்த பிரகாசத்தை எல்லாத் திசைக்குமான மொத்த எதிரொளிப்பாக மாற்றுவது தனி வேலை. அதைச் செய்யும் சேவையைப் பற்றிப் பின்னால் வருகிறது.

மூன்றாவது சூரியன் இருக்கும் உயரம். சாய்வாக வரும் வெயிலை அதே மேகம் கூடுதலாகத் திருப்பும். டிசம்பர் படத்தையும் ஏப்ரல் படத்தையும் பக்கத்தில் வைத்து எது வெள்ளை என்று கேட்பதில் பொருளில்லை. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் பாலக்காட்டில் நண்பகல் சூரியன் ஏறக்குறைய நேர் உச்சியில் நிற்கும்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? அடுக்கு சேர்க்கும் பொத்தானை அழுத்தி கிளவுட் ஆப்டிகல் திக்னெஸ் என்று தேடுங்கள். மேகத்தின் ஒளியியல் தடிமன் வரும். இது கிலோமீட்டரில் சொல்லும் தடிமன் இல்லை. வெளிச்சம் அந்த மேகத்தைக் கடக்க எவ்வளவு சிரமப்படுகிறது என்பதைச் சொல்லும் அலகில்லாத எண். கர்சரை மேகத்தின் மேல் கொண்டுபோனால் இடப்பக்க வண்ணப் பட்டையில் மதிப்பு ஓடும். கைபேசியில் கர்சர் கிடையாது, அதனால் இந்த வேலைக்குக் கணினிதான் சரி. அடுக்கின் அமைப்புக்குள் போய்க் கீழ்வரம்பு, மேல்வரம்பு வைக்கலாம். 10க்குக் கீழே உள்ளதை மறைத்துவிட்டால் உண்மையில் கனமான மேகம் மட்டும் மிஞ்சும். மெல்லிய சவ்வு மேகமெல்லாம் போய்விட்டு, எடுத்த எடுப்பில் வானம் பாதிக்குமேல் காலியாவதைப் பார்க்கும்போதுதான் இயல்நிறப் படம் எவ்வளவு மிகைப்படுத்துகிறது என்று புரியும்.

அந்த எண்ணை ஆல்பிடோவாக்க ஒரு தோராயச் சூத்திரம் போதும். தடிமனை 0.13ஆல் பெருக்குங்கள். வந்த எண்ணை, அதோடு 1 கூட்டிய எண்ணால் வகுங்கள். தடிமன் 2 என்றால் ஆல்பிடோ 0.21, 5 என்றால் 0.39, 10 என்றால் 0.57, 20 என்றால் 0.72, 50 என்றால் 0.87. தொடக்கத்தில் ஏற்றம் வேகமாகவும் போகப்போக மெதுவாகவும் இருப்பதைக் கவனியுங்கள். தடிமன் 5இலிருந்து 10க்குப் போனால் வெயிலில் இன்னொரு ஆறில் ஒரு பங்கு திரும்பிவிடுகிறது. 20இலிருந்து 50க்குப் போனாலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். சோலார் வைத்திருப்பவருக்கு இதன் அர்த்தம் நேரடியானது. நடுத்தர மேகம் வந்தவுடனேயே உற்பத்தியில் பாதி போய்விடும், அதற்கு மேல் எவ்வளவு கறுத்தாலும் மீதியில்தான் குறையும். நீர்த்துளி மேகத்துக்கும் அடியில் கருமையான நிலத்துக்கும் பொருந்தும் கணக்கு இது. நம் மலைக்காட்டுக்கு ஆல்பிடோ 0.1 முதல் 0.15 வரைதான், கடலுக்கு அதைவிடக் குறைவு. ஆகவே இந்தப் பக்கத்துக்குப் பெரிய பிழை வராது. வெண்மணல் பாலைவனத்துக்கோ பனிமலைக்கோ இதைக் கொண்டுபோகாதீர்கள்.

இதற்குத் துணையாக கிளவுட் எஃபெக்டிவ் ரேடியஸ் என்ற அடுக்கையும் போடுங்கள். மேகத்தின் உச்சியிலுள்ள துளிகளின் ஆரத்தை மைக்ரானில் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சொல்லும். பல பேர் இதைத் தொடுவதே இல்லை, ஆனால் எதிரொளிப்பைப் புரிந்துகொள்ள இதுதான் சாவி. ஒரு சதுர மீட்டர் நிலத்துக்கு மேலே நிற்கும் மேகத்தில் மொத்தம் 100 கிராம் நீர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நீரைத் துளி ஆரத்தால் வகுத்து ஒன்றரையால் பெருக்கினால் ஒளியியல் தடிமன் கிடைக்கும். துளி 10 மைக்ரான் என்றால் தடிமன் 15, ஆல்பிடோ 0.66. அதே 100 கிராம் நீர் 20 மைக்ரான் துளிகளாக இருந்தால் தடிமன் 7.5, ஆல்பிடோ 0.49. நீர் கூடவில்லை, குறையவில்லை. துளி பொடியானதால் மட்டும் வெயிலில் ஆறில் ஒரு பங்கு கூடுதலாகத் திரும்புகிறது. புகை, தூசு கலந்த காற்றில் துளிக்கரு (நீராவி ஒட்டித் துளியாகும் துகள்) அதிகம், அதனால் துளிகள் பொடியாகின்றன, மேகம் வெளுக்கிறது. 1970களில் ட்வோமி என்ற மேக ஆய்வாளர் சொன்ன விளைவு இது. கஞ்சிக்கோடு, வாளையாறு, கோவை என்று தொழிற்சாலைகள் வரிசையாக நிற்கும் வழியில் இதைத் தேடிப் பார்க்கும் ஆசை யாருக்கும் வரும். ஒரு நாள் படத்தை வைத்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள். மேகத்தின் உயரமும் வயதும் துளியின் அளவை அதைவிட அதிகம் மாற்றும்.

தடிமனையும் துளியையும் ஒரே சமயத்தில் எப்படிப் பிரிக்கிறார்கள் என்ற கேள்வி வரும். 1990இல் நகாஜிமா, கிங் என்ற இரு ஆய்வாளர்கள் விளக்கிய முறைதான் இன்றும் அடிப்படை. கண்ணுக்குத் தெரியும் ஒளியை நீர் உறிஞ்சுவதில்லை, ஆகவே அங்கே கிடைக்கும் பிரகாசம் தடிமனைச் சொல்கிறது. 2.1 மைக்ரான் அலைநீளத்தில் நீர் கொஞ்சம் உறிஞ்சும். துளி பெரிதானால் உறிஞ்சுவது கூடும், அங்கே பிரகாசம் குறையும். இரண்டு பிரகாசத்தையும் ஒரு முன்கணக்கு அட்டவணையில் வைத்துப் பார்த்தால் இரண்டு விடையும் விழுந்துவிடும். மோடிஸ் இதை நீர்மேகத்துக்கு 4 முதல் 30 மைக்ரான் வரையும் பனிமேகத்துக்கு 5 முதல் 60 மைக்ரான் வரையும் தேடுகிறது.

அதே 2.1 மைக்ரானைக் கண்ணால் பார்க்கவும் வழி உண்டு. கரெக்டட் ரிஃப்ளெக்டன்ஸ் 7-2-1 என்ற அடுக்கைப் போட்டால், பனித்துகள் மேகம் வெளிர்நீலமாகவும் நீர்த்துளி மேகம் வெள்ளையாகவும் பிரிந்து தெரியும். தென்மேற்குப் பருவத்தில் இதைப் போடாமல் எதையும் படிக்கக் கூடாது. அந்த மாதங்களில் வங்கக்கடல் பக்கத்து இடிமேகங்களின் உச்சியை மேல்வளிக் கீழைக்காற்று இழுத்துக்கொண்டு நம் தலைக்கு மேல் பரப்பிவிடும். கீழே மலையைத் தழுவிய நீர்மேகம், மேலே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் பனிச்சவ்வு. மோடிஸ் கணக்கு இரண்டையும் ஒரே மேகமாக எடுத்துக்கொண்டு கலப்படமான தடிமனையும் ஒன்றுக்கும் ஒத்துவராத துளி ஆரத்தையும் கொடுக்கும். 7-2-1இல் நீலம் தெரிந்தால் அன்றைய துளி ஆரத்தை ஒதுக்கிவிடுங்கள்.

எல்லைப்பக்கத்தின் அசல் காட்சி ஜூலையில்தான். இடவப்பாதி மழை வலுத்திருக்கும் ஒரு நாளில், மோடிஸின் 250 மீட்டர் படத்தில் போடிமெட்டிலிருந்து குமுளி வரை உள்ள மலைமுகட்டை நெருங்கிப் பாருங்கள். மேற்கே தேவிகுளம், உடும்பன்சோலை, பீர்மேடு முழுக்க மேகம் மூடியிருக்கும். முகட்டைத் தாண்டியதும் மேகம் கத்தரித்து விட்டாற்போல நின்றுவிடும். கிழக்கே கம்பம் பள்ளத்தாக்கின் வயலும் தென்னந்தோப்பும் துல்லியமாகத் தெரியும். ஏறிவந்த காற்று மறுபக்கம் இறங்கும்போது சூடாகி, துளிகள் ஆவியாகிவிடுவதுதான் காரணம். சில கிலோமீட்டர் இடைவெளியில் ஒரு பக்கம் ஆல்பிடோ 0.6, 0.7 வரை போக, இன்னொரு பக்கம் வெறும் நிலத்தின் ஆல்பிடோவோடு நின்றுவிடும். மறையூர் மழைமறைவுப் பகுதி என்பதும் இதே படத்தில் புரியும். மூணாறு மூடிக்கிடக்கும் நாளில் அதற்கு வடகிழக்கே ஒரு திறப்பு தெரியும். வடக்கே பாலக்காட்டுக் கணவாயில் கதை தலைகீழ். தடுக்க மலை இல்லாததால் மேகம் வாளையாறு, பொள்ளாச்சி வரை நீளமாக ஓடும், போகப்போகக் கிழிந்து சிறுசிறு திட்டுகளாகும்.

அந்தத் திட்டு மேகங்கள்தான் இந்தத் தளத்தின் பலவீனத்தைக் காட்டிக்கொடுக்கும். ஒளியியல் தடிமன் ஒரு கிலோமீட்டர் கட்டத்தில் கணக்கிடப்படுகிறது. 300 மீட்டர் அகலமுள்ள மேகக் குட்டி ஒரு கட்டத்தை நிரப்பாது. வெயில்பட்ட நிலமும் மேகமும் நிழலும் கலந்த சராசரிதான் கிடைக்கும், அல்லது கணக்கே செய்யாமல் காலியாக விட்டிருப்பார்கள். காலியான கட்டத்தை மேகமில்லை என்று படிப்பது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. இயல்நிறப் படத்தை அடியில் வைத்து, தடிமன் அடுக்கின் ஒளிபுகா அளவைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். அடியில் வெள்ளை தெரிந்தும் மேலே நிறம் இல்லையென்றால் அது கணக்குத் தவறிய மேகம். சோலார்காரர்களுக்கு இன்னொன்று: இப்படிப்பட்ட திட்டு மேகத்தின் ஓரம் வெயிலைத் தகட்டின் மேல் கூடுதலாகத் தள்ளும். மேகமே இல்லாத வானத்தைவிட அதிக உற்பத்தி சில நிமிடம் வந்துபோவதும் உண்டு. இன்வெர்ட்டர் உச்சத்தில் போய் முட்டுவதற்குக் காரணம் மீட்டர் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள். இதை எந்தச் செயற்கைக்கோள் படத்திலும் தேட முடியாது.

பட்டை ஓரத்தையும் மறக்கக் கூடாது. மோடிஸின் ஒரு கிலோமீட்டர் கட்டம் பட்டையின் நடுவில்தான் ஒரு கிலோமீட்டர். ஓரத்தில் ஏறத்தாழ 2க்கு 5 கிலோமீட்டராக விரிந்துவிடும். நம் அட்சரேகையில் அடுத்தடுத்த பட்டைகளுக்கு இடையே மோடிஸ் தொடாத இடைவெளியும் விழுகிறது. சில நாள் கேரளமே அந்தக் கறுப்பு ஆப்புக்குள் போய்விடும். விர்ஸ் பட்டை 3,040 கிலோமீட்டர் அகலம். இடைவெளி கிடையாது, ஓரத்திலும் அவ்வளவாக விரியாது. டெர்ரா 2020க்குப் பிறகும் அக்வா 2021க்குப் பிறகும் பழைய நேரத்தைப் பிடித்துவைக்கும் எரிபொருள் செலவை நிறுத்திவிட்டன. டெர்ரா கடக்கும் நேரம் முன்னே முன்னேயும் அக்வா கடக்கும் நேரம் பின்னே பின்னேயும் நகர்கின்றன. 2010 ஜூலை டெர்ராவையும் சமீபத்திய ஜூலை டெர்ராவையும் ஒப்பிட்டு மேகம் மாறிவிட்டது என்று எழுதினால், மாறியதில் ஒரு பகுதி வெறும் கடிகாரம். புதிதாகத் தொடங்குபவர்கள் நோவா-20 விர்ஸிலேயே தொடங்கிவிடுங்கள்.

கடல் பக்கம் ஒரு எச்சரிக்கை போதும். பொன்னானி, கொச்சிக்கு மேற்கே வடக்குத்தெற்காக வெள்ளிப் பூச்சு மாதிரி ஒரு பட்டை சில நாள் தெரியும். அது மேகமில்லை, கடல் சூரியனை நேராகத் திருப்புவது. மார்ச், ஏப்ரலில் அரபிக்கடல் மேல் தெரியும் மங்கலான பழுப்பும் பல சமயம் தூசுதான்.

இவ்வளவு இருந்தும் வேர்ல்ட்வியூவால் செய்யவே முடியாத ஒன்று உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் துலா மழை நாட்களை எடுத்துக்கொள்ளுங்கள். காலைப் படத்தில் வானம் மேகமில்லாமல் தெளிந்து கிடக்கும். மதியப் படத்தில் மலைமேல் பஞ்சு பஞ்சாகச் சில மேகங்கள். மூன்று மணிக்குமேல்தான் இடிமேகம் எழுந்து ஆல்பிடோ 0.8க்குப் போகும், அப்போது மேலே இந்தச் செயற்கைக்கோள்கள் பெரும்பாலும் இல்லை. இந்த இரண்டு பார்வையை வைத்து நாள் சராசரி போட்டால் அந்த மாதங்களில் மேகம் கம்மி என்றுதான் விடை வரும். வேர்ல்ட்வியூவில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வரும் புவிநிலைக்கோள் அடுக்குகளும் இருக்கின்றன, ஆனால் அவை அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் மேலே நிற்பவை. ஜப்பானின் ஹிமவாரி நிற்பது 140.7 டிகிரி கிழக்கில். நம்மை அது வெகு சாய்வாகத்தான் பார்க்கும்.

அந்த ஓட்டையை அடைப்பது இந்தியாவின் புவிநிலைக்கோளான இன்சாட். 3டிஆர் 2016 செப்டம்பரிலும் 3டிஎஸ் 2024 பிப்ரவரியிலும் ஏவப்பட்டன. இரண்டிலும் ஆறு அலைவரிசைப் படக்கருவி. கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் 1.6 மைக்ரானிலும் ஒரு கிலோமீட்டர் கட்டம், வெப்ப அகச்சிவப்பில் நான்கு கிலோமீட்டர். அரைமணிக்கு ஒரு படம். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தால் கால்மணி இடைவெளி கிடைக்கும். சும்மா பார்ப்பதற்கு வானிலைத் துறையின் ரேபிட் பக்கம் போதும். எண்ணாக வேண்டுமானால் அகமதாபாத்தில் இஸ்ரோ நடத்தும் மாஸ்டாக் தரவு மையத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். கோப்பு எச்டிஎஃப்5 வடிவில் வரும், இரட்டைச் சொடுக்கில் திறக்காது. பைதான் நிரல்மொழியில் சாட்பை நூலகத்துக்கு இன்சாட்-3டி படக்கருவிக் கோப்பைப் படிக்கத் தெரியும். கோப்பில் இருப்பது 0 முதல் 1023 வரையான மூல எண். அதை ஆல்பிடோவாக மாற்றும் அட்டவணை அதே கோப்புக்குள் இருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் மூல எண்ணையே 1023ஆல் வகுத்துவிடாதீர்கள். அட்டவணை தரும் எண்ணும் சூரியன் சாய்வைக் கணக்கில் கொண்டதா என்று பார்த்து, இல்லையென்றால் சூரிய உச்சிக்கோணத்தின் (நேர் உச்சியிலிருந்து சூரியன் சாய்ந்திருக்கும் கோணம்) கொசைனால் வகுக்க வேண்டும். இந்த வகுத்தலை விட்டுவிட்டால் மூணாறின் காலைப் பனிமூட்டம் எப்போதும் மெல்லியதாகவே தெரியும், பத்து மணிக்குத் தடித்து, மாலையில் மறுபடி மெலியும். சூரியன் அடிவானத்தை ஒட்டி இருக்கும்போது வகுத்தாலும் எண் தாறுமாறாகப் போகும். காலை எட்டுக்கு முன்னும் மாலை நாலரைக்குப் பின்னும் உள்ள படங்களை எண் கணக்கில் சேர்க்காமல் இருப்பது நல்லது.

துல்லியத்தில் மோடிஸ் மேலே. சூரிய ஒளியைச் சிதறடித்துத் தன்னைத் தானே சரிபார்க்கும் தகடு அதன் உள்ளேயே இருக்கிறது. இன்சாட்டின் ஒளி அலைவரிசையை ராண் ஆஃப் கட்ச் உப்புவெளி போன்ற தெரிந்த பரப்புகளைப் பார்த்து வெளியிலிருந்து சரிபார்க்க வேண்டியிருக்கிறது. ஒரே நாளில் மேகம் எப்படி மாறியது என்பதற்கு இன்சாட்டை நம்புங்கள். பல ஆண்டுப் போக்குக்கு நம்பாதீர்கள்.

ஒரு திசைப் பிரகாசத்தை மொத்த எதிரொளிப்பாக மாற்றும் சேவை செரெஸ். டெர்ரா, அக்வா, சுவோமி என்பிபி, நோவா-20 நான்கிலும் இந்தக் கருவி இருக்கிறது. இது படம் எடுப்பதில்லை, 0.3 முதல் 5 மைக்ரான் வரை திரும்பிவரும் மொத்தச் சூரிய ஆற்றலையும் ஒரே அளவாக அளக்கிறது. சுழன்று சுழன்று பல கோணத்தில் பார்த்துச் சேர்த்த தரவிலிருந்து, எந்த வகை மேகம் எந்தக் கோணத்தில் எவ்வளவு பிரகாசிக்கும் என்ற மாதிரிகளைச் செய்துவைத்திருக்கிறார்கள். பூமி முழுவதற்கும் சராசரியாகச் சதுர மீட்டருக்கு 340 வாட் வெயில் வந்து, அதில் 100 வாட் போலத் திரும்பிப் போகிறது என்று பாடப்புத்தகத்தில் வரும் எண் இந்தக் கருவியின் உழைப்பு. அதன் தளத்தில் எபாஃப் என்ற மாதாந்திரத் தொகுப்பைத் தேர்ந்தெடுத்து, அட்ச தீர்க்க எல்லை கொடுத்தால் உலாவியிலேயே வரைபடம் வரும். திரும்பும் ஆற்றலை உள்வரும் ஆற்றலால் வகுத்தால் ஆல்பிடோ. எடுத்துக்காட்டாக உள்ளே 420, திரும்புவது 147 என்றால் 0.35. மேகமே இல்லாவிட்டால் எவ்வளவு திரும்பியிருக்கும் என்ற எண்ணும் அங்கேயே கிடைக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மேகத்தின் பங்கு.

நமக்கு இடிப்பது கட்டத்தின் அளவு. எபாஃப் ஒரு டிகிரிக்கு ஒரு டிகிரி, அதாவது ஒரு பக்கம் ஏறக்குறைய 110 கிலோமீட்டர். 10 முதல் 11 வரை அட்சம், 76 முதல் 77 வரை தீர்க்கம் கொண்ட கட்டத்தில் திருச்சூர் கடற்கரை, பாலக்காடு, நெல்லியாம்பதி, வால்பாறை நான்கும் ஒன்றாகக் கிடக்கின்றன. கிழக்கே அடுத்த கட்டத்தில் மூணாறும் உடுமலையும் ஒரே எண்ணைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. ஜூலையில் மலைமுகட்டின் இரண்டு பக்கமும் தெரியும் வித்தியாசம் இதில் அடையாளமே இல்லாமல் கரைந்துவிடும். செரெஸ் எண்ணைக் கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்குமான ஒப்பீடாக எழுதுபவர்கள் எந்தக் கட்டம் எந்தப் பக்கம் விழுகிறது என்று முதலில் வரைபடத்தில் கோடு போட்டுப் பார்க்கட்டும்.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு: எங்கே மேகம், என்ன வகை என்பதற்கு வேர்ல்ட்வியூவுக்கு ஐந்துக்கு ஐந்து. எவ்வளவு எதிரொளிக்கிறது என்பதற்கு, தடிமன் அடுக்கைத் திறக்கத் தெரிந்தவருக்கு மூன்றரை, தெரியாதவருக்கு ஒன்று. பிற்பகல் மழைக்காலத்துக்கு ஒன்றுகூடக் கொடுக்க முடியாது. ஆசிரியர்கள் வகுப்பில் காட்ட நினைத்தால் முந்தைய நாளே படத்தை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மலைப்பக்க சிக்னலில் படத் துண்டுகள் ஒவ்வொன்றாக நிரம்பி முடிவதற்குள் பாடவேளை முடிந்துவிடும். இறக்கும்போது தடிமன் அடுக்கின் வண்ணப் பட்டையைத் தனியாகப் படம்பிடித்து வையுங்கள், சேமித்த கோப்பில் நிறம் மட்டும்தான் வருகிறது, எண் வருவதில்லை.